பின்னால் நீட்டிய கை

இந்தக் கதையை ஒன்பது வருடமாக நம்பியும் நம்பாமலும் இருந்து வருகிறேன்.

பொய் என்று தள்ள முடியவில்லை. அப்படியே விழுங்கவும் முடியவில்லை. எங்கேயோ ஒரு சிறு முள். நாக்குக்குத் தெரிகிறது, விரலுக்கு அகப்படவில்லை.

எனக்கு இதைச் சொன்னவர் தங்கப்பழம் அண்ணாச்சி. என்னைவிட ஆறு வயது மூத்தவர். கண்காணிப்புக் கேமரா மாட்டிக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். கதையில் வரும் சீடரும் அவரேதான்.

நான் இதைக் குறைந்தது முப்பது மேடைகளில் சொல்லியிருப்பேன். கல்லூரிகளில், நூலக விழாக்களில், ஒருமுறை காவலர்களுக்கான பயிற்சி முகாமில். கதையின் ஓர் இடத்தில், எந்த ஊராக இருந்தாலும், கூட்டம் அப்படியே அமைதியாகிவிடும். அந்த அமைதிக்காகவே திரும்பத் திரும்பச் சொன்னேனோ என்று இப்போது தோன்றுகிறது.

கிழமையை மாற்றிவிட்டேன். ஊரை எழுதவில்லை. அந்தப் பெண்ணை யாரும் தேடிப் போகக் கூடாது.

*

மலையடிவாரத்தில் இருந்த பகவதியக்கா வீட்டுக்கு மடம் என்று ஊரார் பெயர் வைத்திருந்தார்கள்.

"மடமாவது மண்ணாவது. ஓட்டு வீடு. மழை பெய்ஞ்சா ஒழுகும்" என்பார் அக்கா.

காவி கட்டியதில்லை. கண்ணை மூடி உட்கார்ந்ததில்லை. கம்பியைக் கையால் செருகி இணைப்புக் கொடுத்த காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். ஓய்வு பெற்றபின் தனியாக இங்கே வந்து தங்கினார்.

ஆட்கள் அவரிடம் பேச வந்தார்கள். பேசினால் கேட்பார். கேட்டது வெளியே போகாது. வேறு மகிமை எதுவும் அவருக்கு இல்லை.

பேசுவதற்கு ஒரு முறை வைத்திருந்தார்.

சின்ன அறை. நடுவில் ஒரு பாய். அக்கா ஜன்னல் வழியாக மலையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். வருகிறவர் பின்பக்கமாக வந்து, அக்கா முதுகில் தன் முதுகு படும்படி உட்கார வேண்டும். பேர் சொல்ல வேண்டாம். பேசி முடித்ததும் எழுந்து போகலாம். செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டும்வரை அக்கா திரும்பமாட்டார்.

"ஏன்க்கா இப்படி?" என்று அண்ணாச்சி ஒருநாள் கேட்டார்.

"மூஞ்சியப் பாத்தா பொய் சொல்லத் தோணும்."

"அவங்களுக்கா?"

"எனக்கும்தான்."

ஒரு போலீஸ்காரர் தயங்கி நின்றாராம்.

"அக்கா, சட்டையெல்லாம் வேர்வை."

"என் முதுகு மட்டும் என்ன, குளிர்சாதனப் பெட்டியா? உக்காரும்."

*

ஒரு வருடத்தில் இரண்டு முறை திருட்டு நடந்தது. இரண்டு முறையும் போனது, வருகிறவர்கள் குடிப்பதற்காக அறையில் வைத்திருந்த பித்தளைக் குடம்.

அந்தச் சமயம் அக்கா கண்புரை அறுவைக்காக ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். திரும்பி வரும்போது கருப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

அண்ணாச்சி அவரைக் கைபிடித்து வண்டியிலிருந்து இறக்கினார்.

"அக்கா, உங்களுக்கு ஒரு சேவை செஞ்சிருக்கேன். கேமரா மாட்டிட்டேன். ஒத்தையில இருக்கீங்கள்லா, இனி பயமில்லை."

"எத்தனை?"

"மூணு. வாசல், கிணத்தடி, அடுப்படி."

"அடுப்படியில என்னத்தப் பாக்கப் போற? நான் உப்பு அதிகமாப் போடுததையா?"

இருவரும் சிரித்தார்கள்.

மாட்டியது நான்கு. நான்காவதைச் சொன்னால் அக்கா வேண்டாம் என்பார் என்று அண்ணாச்சிக்குத் தெரியும். குடம் போனது அந்த அறையில்தான். ஆகவே அங்கேயும் ஒன்று, பக்கச் சுவர் மூலையில், உத்தரத்தை ஒட்டி, சட்டென்று கண்ணில் படாதபடி மாட்டினார். இருப்பதிலேயே நல்ல கேமராவாகப் பார்த்து மாட்டினார்.

அன்பினால்தான் செய்தார். அதில் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

*

ஒரு பெண் வியாழக்கிழமைதோறும் வந்துகொண்டிருந்தாள்.

இரண்டு வருடமாக வருகிறாள். வந்து உட்காருவாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். அரைமணி நேரம் கழித்து எழுந்து போய்விடுவாள்.

அக்காவும் எதுவும் கேட்டதில்லை.

கேமரா மாட்டிய பிறகு வந்த முதல் வியாழக்கிழமை, அவள் பேசினாள்.

என்ன பேசினாள் என்று அண்ணாச்சி ஒருநாளும் எனக்குச் சொன்னதில்லை. "அது அவங்க ரெண்டு பேர் விஷயம்வே" என்று முடித்துவிடுவார். அதனால்தான் இத்தனை காலமும் அவர்மேல் எனக்கு மரியாதை.

அவர் சொன்னது இதை மட்டும்தான்.

பேசி முடித்ததும் அவள் எழுந்து போகவில்லை. முகத்தைத் திருப்பவுமில்லை. கையை மட்டும் மெல்லப் பின்னால் நீட்டினாள். அக்காவின் விரலுக்கு ஒரு சாண் இருக்கும்போது இழுத்துக்கொண்டாள். உள்ளங்கையை முந்தானையில் துடைத்தாள். கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தாள். பிறகு மறுபடியும் நீட்டினாள்.

இந்தமுறை அக்காவின் கையைத் தொட்டாள்.

அக்கா திரும்பவில்லை. மலையைப் பார்த்தபடியே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

கூட்டம் அமைதியாகும் இடம் இதுதான்.

*

சனிக்கிழமை காலையில் அண்ணாச்சி கடைக்கு ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை. அரிசி ஆலை முதலாளி. அந்தப் பெண்ணின் கணவர்.

ஆலைக்கு இருபத்து நாலு கேமரா வேண்டும் என்றார். அண்ணாச்சி கடைக்கு அதுவரை அவ்வளவு பெரிய வேலை வந்ததில்லை. டீ வரவழைத்தார்.

டீயைக் குடித்துவிட்டு அவர் சொன்னார்:

"மடத்துலயும் நீங்கதான் மாட்டியிருக்கீங்களாம்லா."

"ஆமா. சேவையா செஞ்சது."

"எங்க வீட்டுல அங்கதான் வியாழக்கிழமை போறா. என்ன பேசுதான்னு கேக்கணும். ஒரு பென் டிரைவுல போட்டுக் குடுங்க."

அண்ணாச்சி மேசைமேல் கிடந்த கம்பிகளைச் சுருட்டத் தொடங்கினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணாச்சி. அவ என்னையப் பத்தித்தான் பேசியிருப்பா. அப்ப அது என் விஷயம்தானே?"

"அவங்க சும்மா உக்காந்துட்டு…"

"பேசியிருக்கா. மூஞ்சி மாறிப்போய்த் திரும்பி வந்தா. நல்லாத் தூங்குதா. ரெண்டு வருஷமா அப்படித் தூங்கினதில்லை." அவர் காலிக் கோப்பையை மெதுவாக வைத்தார். "கேட்டுட்டு நான் முடிவு பண்ணிக்கிடுவேன். அப்புறம் அவ வெளிய எங்கயும் போக வேண்டியிருக்காது."

குரலை உயர்த்தவே இல்லை என்றார் அண்ணாச்சி. அதுதான் பயமாக இருந்ததாம்.

திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

*

அக்காவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுவது அண்ணாச்சியின் வேலை. அன்று மருந்து விட்டபடியே பேச்சை எடுத்தார்.

"அக்கா, நாலு கேமரா மாட்டினேன்."

"மூணுன்னு சொன்ன."

"நாலு."

மருந்து கன்னத்தில் வழிந்தது. அக்கா துடைக்கவில்லை.

"நாலாவது எங்க?"

"அறையில."

அக்கா கண்களை மூடியே இருந்தார்.

"பேச்சும் கேக்குமா?"

"தெளிவாக் கேக்கும்க்கா. அசல் மைக்."

சொன்ன பிறகுதான் தன் குரலில் இருந்த பெருமை அவருக்கே கேட்டது.

ஆலை முதலாளி வந்ததையும் அவர் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். கடைசியில் கேட்டார்:

"என்ன செய்யட்டும்?"

"நீ என்ன நினைச்ச?"

"அழிச்சிரலாம்னுதான் நினைச்சேன். ஆனா அழிக்குததுக்கு முன்ன ஒருவாட்டி பாத்துட்டா நல்லதோன்னும் தோணுது. அந்தப் பொண்ணுக்கு வீட்டுல ஏதும் ஆபத்துன்னா? தெரிஞ்சாத்தானே உதவ முடியும்?"

"தெரிஞ்ச ஆளு ஒருத்தி இருக்கேன்லா."

"உங்களுக்கு மட்டும் தெரிஞ்சாப் போதுமாக்கா?"

"அவ எனக்குத்தானே சொன்னா?"

அண்ணாச்சி மருந்துப் புட்டியை மூடினார். மூடி சரியாக ஏறவில்லை. மறுபடி திறந்து மூடினார்.

"தங்கம்."

"சொல்லுங்கக்கா."

"எக்ஸ்சேஞ்சுல வெளியூர் லைன் போட்டுக் குடுத்தா, மூணு நிமிஷத்துக்கு ஒருக்க உள்ள நுழைஞ்சு பாக்கணும். பேசுதாங்களா, வச்சிட்டாங்களான்னு."

"அப்ப காதுல விழுமே?"

"விழும். சண்டை விழும். சாவு விழும். ஒருத்தி ஒண்ணும் சொல்லாம அழுததுகூட விழுந்திருக்கு."

"விழுந்ததை என்ன செய்வீங்க?"

"நேரம் குறிக்குத சீட்டுல பேசுதாங்கன்னு எழுதிட்டு வெளிய வந்துருவேன்."

"என்ன பேசினாங்கன்னு?"

"சீட்டுல அதுக்குக் கட்டம் கிடையாது."

*

அக்கா எழுந்தார்.

"உள்ள வா."

அறைக்குள் போய், மலையைப் பார்த்து உட்கார்ந்தார்.

"உக்காரு."

அண்ணாச்சி பதினோரு வருடமாக அந்த வீட்டுக்கு வந்துபோகிறவர். தோட்டம் பெருக்குவார், ஓடு மாற்றுவார். அந்தப் பாயில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. கூச்சத்தோடு உட்கார்ந்தார். முதுகில் முதுகு பட்டது. அக்காவின் எலும்புகள் தெரிந்தன.

"இது வரைக்கும் யாருகிட்டயும் சொல்லாதது ஒண்ணு இருக்கும்லா. அதைச் சொல்லு."

இருந்தது. தொண்டைவரை வந்தது.

அண்ணாச்சி வாயைத் திறந்தார். கண் தானாக மேலே போனது. பக்கச் சுவர் மூலையில், உத்தரத்தை ஒட்டி, ஒரு சின்னச் சிவப்பு விளக்கு.

வாயை மூடிக்கொண்டார்.

"சொல்லு."

"அக்கா, அதை ஆஃப் பண்ணிட்டு வந்துரட்டுமா?"

"ஏன்?"

"அது ஓடிக்கிட்டிருக்கு."

"நீ மாட்டினதுதானே? உன் போன்ல மட்டும்தானே தெரியும்?"

"ஆமா."

"அப்ப யாருக்குப் பயப்படுத?"

மலையிலிருந்து காற்று வந்தது. ஜன்னல் கதவு ஒருமுறை அடித்துத் திறந்தது.

அண்ணாச்சி எழுந்து போய் ஏணியை எடுத்து வந்தார்.

*

நான்கையும் கழற்றினார். திருகாணிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மூலையில் இருந்த துளைகளைச் சுண்ணாம்பு குழைத்து அடைத்தார்.

பதிவுப் பெட்டி அடுப்படி அலமாரியில் இருந்தது. அதை மானிட்டரில் சொருகி, உள்ளே இருந்ததை எல்லாம் அழித்தார். அதற்குக் கால்மணி நேரம் ஆயிற்று என்றார்.

திரும்பி வந்தபோது அக்கா அதே இடத்தில், அதே திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி பழையபடி முதுகோடு முதுகாக உட்கார்ந்தார்.

"அழிச்சாச்சா?"

"அழிச்சாச்சுக்கா."

"பாத்தியா?"

"இல்லக்கா."

 அக்கா கையைப் பின்னால் நீட்டினார்.

அண்ணாச்சி அதைப் பிடிக்கவில்லை.

இந்த இடத்தில் அவர் எப்போதும் சற்று நிறுத்துவார். "ஏன் பிடிக்கலன்னு தெரியலவே. அந்தக் கை அங்கயே இருந்துச்சு. ரொம்ப நேரம் இருந்துச்சு. நான் எந்திரிச்சுப் போயிட்டேன்."

மேடையில் இந்தப் பகுதியை நான் சொல்வதில்லை. கதைக்கு ஒட்டாமல் நிற்கிறது என்று விட்டுவிடுவேன்.

*

திங்கட்கிழமை ஆலை முதலாளி வந்தார்.

"இல்லை. அழிச்சிட்டேன்" என்றார் அண்ணாச்சி.

"அழிச்சா மீட்டு எடுக்கலாமாம்லா?"

"பெட்டிக்குள்ள இருந்த ஹார்ட் டிஸ்க்கையும் உடைச்சிட்டேன். பாருங்க." நசுங்கிய தகட்டை மேசைமேல் வைத்தார்.

முதலாளி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க கேட்டீங்களா அண்ணாச்சி? என்ன பேசினா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது."

இருபத்து நாலு கேமரா வேலை வேறொரு கடைக்குப் போனது. ஆறேழு மாதத்தில் அண்ணாச்சி கேமரா தொழிலையே விட்டுவிட்டார். மின்விசிறி, மிக்சி ரிப்பேர் பார்க்கத் தொடங்கினார்.

அடுத்த வியாழக்கிழமை அந்தப் பெண் வரவில்லை.

அதற்கு அடுத்த வியாழக்கிழமையும் வரவில்லை.

மூன்றாவது வியாழக்கிழமை அண்ணாச்சி வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். செருப்புச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். சத்தம் அவரைக் கடந்து, உள்ளே போய், நின்றது.

உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. பெருக்குமாறை அங்கேயே போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அவர் கதை அங்கே முடிகிறது.

*

அக்கா காலமாகி நாலு வருடம் ஆகிறது. கேட்டதை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அறையில் நடந்தது எதையும், நெருங்கிய அண்ணாச்சியிடம்கூட, அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இதை அண்ணாச்சியே பெருமையாகச் சொல்வார்.

போன மாதம் ஒரு நூலகத்தில் இந்தக் கதையைச் சொன்னேன். சொல்வதோடு விடாமல் நடித்துக் காட்டும் ஆசை வந்தது. நூலகரை மேடைக்கு அழைத்து என் முதுகுக்குப் பின்னால் உட்கார வைத்தேன். நல்ல மனிதர். வெட்கத்தோடு உட்கார்ந்தார்.

வாயால் எதுவும் சொல்லாமல், நான் அந்தப் பெண்ணானேன். கையைப் பின்னால் நீட்டினேன். இழுத்துக்கொண்டேன். வேட்டியில் துடைத்தேன். மறுபடி நீட்டினேன். நூலகர் பிடித்துக்கொண்டார்.

வழக்கமான அமைதி. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்தார்.

கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது நூலகர் சொன்னார்:

"கை பட்டதும் சிலிர்த்துப்போச்சு சார். ஆனா நீங்க ரெண்டு தடவை நீட்டினதா எங்க வீட்டம்மா சொல்றாங்க. அவங்க சைடுல உக்காந்து பாத்தாங்க. எனக்கு ஒரு தடவைதான் தெரிஞ்சுது."

காபி கையில் ஆறிப்போனது.

*

நேற்று அண்ணாச்சி கடைக்குப் போனேன்.

ஒரு மிக்சியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடி மூக்கு நுனியில்.

"வாரும்வே. என்ன, மெலிஞ்சிட்டீரு? மேடையில சோறு போடுததில்லையா?"

"போடுறாங்க அண்ணாச்சி."

"நம்ம கதையைச் சொல்லுதீரா இன்னும்?"

"சொல்றேன்."

"சொல்லும், சொல்லும். அக்கா பேரு நிக்கட்டும்."

டீ சொன்னார். எனக்குச் சர்க்கரை கூடாது என்பதை ஞாபகம் வைத்திருந்தார்.  திருகாணி ஒன்று உருண்டு மேசையடியில் விழ, நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன்.

கேட்காமலே திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். முப்பது மேடைகளில் அந்தக் கையைக் காட்டியவன் நான். அவர் ஒரே ஒருவனுக்குத்தான் சொன்னார். என்ன உரிமையில் கேட்பது?

டீ வந்தது. இருவரும் குடித்தோம்.

பிறகு என் ஸ்டூலை எடுத்து, அவருக்குப் பின்னால் திருப்பிப் போட்டேன். அவர் முதுகில் என் முதுகு படும்படி உட்கார்ந்தேன்.

ஸ்குரு டிரைவர் சத்தம் நின்றது.

"என்னவே இது?"

தெருவைப் பார்த்தபடி, என் கையைப் பின்னால் நீட்டி வைத்துக்கொண்டு, கேட்டேன்:

"அண்ணாச்சி, அந்தப் பொண்ணு முதல் தடவை கையை நீட்டிட்டு இழுத்துக்கிட்டது, திரும்பாம உக்காந்திருந்த அக்காவுக்கே தெரிஞ்சிருக்காதே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"